வெடிச் சத்தமும் முன்வரிசை நாற்காலியும்: முன்னாள் படைவீரர் கௌரவிப்பு விழா ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு 2024 ஜனவரி 14 அன்று வேலூர் மாவட்டத்தின் சிறிய நகரம் ஒன்றில் நடந்தது. வீட்டுக்கு வீடு ஒருவராவது படையில் இருந்த ஊர்கள் இந்த மாவட்டத்தில் பல உண்டு. கணியம்பாடி அருகே உள்ள கம்மவான்பேட்டையை மக்கள் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். ஓய்வுபெற்ற படைவீரர்களின் குடும்பங்களுக்கு ஆயுள் சான்று, ஓய்வூதிய ஆணை, மருத்துவ அட்டை ஆகியவற்றுக்கான தாள் வேலைகளில் உதவுவதைச் சில ஆண்டுகளாக நான் செய்து வருகிறேன். அப்படி அறிமுகமான ஒரு குடும்பத்தின் அனுமதியோடு, பெயர்களைத் தவிர்த்து, நடந்ததை இங்கே பதிகிறேன். வீட்டுப் பெரியவர்களை இத்தகைய விழாக்களுக்கு அழைத்துச் செல்லும் மற்ற குடும்பங்களுக்கும், விழா நடத்தும் சங்கங்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

ஜனவரி 14 ஆயுதப் படைகளின் முன்னாள் வீரர்கள் தினம். இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா 1953-ல் ஓய்வுபெற்றது இந்த நாளில்தான்; 2016 முதல் இது ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இந்த நாள் போகியிலோ பொங்கலிலோ வந்து விழும். 2024-ல் அது போகி, ஞாயிற்றுக்கிழமை. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

குடும்பத்தின் பெரியவர் 1949-ல் பிறந்தவர். 1968-ல் மதராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து, 17 ஆண்டுகள் பணியாற்றி, ஹவில்தாராக ஓய்வுபெற்றார். பாலம் கட்டுவது, பாதை அமைப்பது, கண்ணிவெடி அகற்றுவது ஆகியவைதான் அந்தப் பிரிவின் தொழில். 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரின் மேற்கு முனையில், ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றையொட்டிய கண்ணிவெடி வயல்களில் வழி திறந்த குழுக்களில் அவரும் இருந்தார். 9-ஆம் பொறியாளர் ரெஜிமென்ட்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அந்த வேலையிலேயே உயிரிழந்து, மறைவுக்குப் பின் மகாவீர் சக்கரம் பெற்றார். அந்த வயல்களின் வழியாகக் கடந்துபோன டாங்கிகளில் ஒன்றில் இருந்தவர்தான், 21 வயதில் இறந்து பரம்வீர் சக்கரம் பெற்ற அருண் கேத்ரபால். டாங்கிகளைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவற்றுக்கு முன்னால் இருட்டில் முழங்காலிட்டு மண்ணைத் துழாவியவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. பெரியவரின் வீட்டிலும் அதைப் பற்றிப் பேச்சு இருந்ததில்லை.

வீட்டில் அவருடைய மனைவி, மகன், மருமகள், எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தி, ஆறு வயதுப் பேரன் ஆகியோர் இருந்தார்கள். பெரியவருக்கு வலது காது மந்தம். நடக்கும்போது எப்போதும் தரையைப் பார்த்தே நடப்பார். அதை முதுமையின் கூனல் என்றே மகன் நினைத்திருந்தார்.

அழைப்பும் மறுப்பும்

டிசம்பர் கடைசி வாரத்தில், உள்ளூர் முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்றிடமிருந்து அழைப்பிதழும் ஒரு படிவமும் வந்தன. படை எண், பதவி, கலந்துகொண்ட போர், பதக்கங்கள், உடன் வரும் குடும்பத்தினர் ஆகிய விவரங்களைப் படிவம் கேட்டிருந்தது. மகனுக்கு மிகுந்த மகிழ்ச்சி. தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று பள்ளியில் கேட்டபோது, 'மிலிட்டரியில் இருந்தார்' என்பதற்கு மேல் பேத்தியால் ஒன்றும் சொல்ல முடியவில்லை என்பது அவருக்கு உறுத்தலாக இருந்தது. பிள்ளைகள் தாத்தாவை மேடையில் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார்.

பெரியவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "நீங்க சொன்னா அப்பா கேப்பாரு" என்று மகன் என்னை அழைத்தார். நானும் போய் அரைமணி நேரம் வற்புறுத்தினேன். இது என் முதல் தவறு. ஏன் வரவில்லை என்று கேட்காமல், ஏன் வர வேண்டும் என்பதையே விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டு, "வேணாம் தம்பி" என்று முடித்துக்கொண்டார்.

காரணத்தைச் சொன்னவர் அவருடைய மனைவி. நான் கிளம்பும்போது, வாசலில் செருப்பு மாட்டும் நேரத்தில், தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவருக்கு வெடி ஆகாதுங்க. ஆறேழு வருசம் முன்னாடி இப்படித்தான் போனாரு. சரம் கொளுத்திட்டாங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல." மகன் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தார், அவருக்கு இது தெரியாது. தீபாவளிக்குப் பெரியவர் ஒவ்வோர் ஆண்டும் மலைப்பக்கம் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவதன் காரணமும் அன்றுதான் மகனுக்கு விளங்கியது.

எடுத்த முடிவு: நிபந்தனைகளைக் கேட்பது

அடுத்த முறை போனபோது, வருவாரா மாட்டாரா என்று நான் கேட்கவில்லை. "எப்படி இருந்தா நீங்க வருவீங்க ஐயா?" என்று மட்டும் கேட்டேன். வரமாட்டேன் என்ற பதிலையும் ஏற்றுக்கொள்வது என்று மகனிடம் முன்பே பேசி வைத்திருந்தேன். கேட்ட பிறகு யாரும் அவரை நெருக்கக் கூடாது என்பது எங்கள் இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம்.

அவர் சற்று நேரம் யோசித்து மூன்று விஷயங்களைச் சொன்னார். வெடி கூடாது. மேடையில் பேசச் சொல்லக் கூடாது. மூன்றாவதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை: தன்னோடு ஒரே குழுவில் இருந்து, 1971-ல் அந்தக் கண்ணிவெடி வயலிலேயே இறந்துபோன நண்பரின் மனைவியையும் அழைக்க வேண்டும், அவர் தன்னோடு முன்வரிசையில் உட்கார வேண்டும். அப்படி ஒருவர் இருப்பதே வீட்டில் மனைவியைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

முதல் இரண்டையும் சங்கத்தின் செயலாளர் தொலைபேசியிலேயே ஒப்புக்கொண்டார். மூன்றாவதற்குத்தான் அலைய வேண்டியிருந்தது. அந்த மூதாட்டியின் பெயர் சங்கத்தின் பட்டியலில் இல்லை. 2019-ல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தபோது அவருடைய கிராமம் திருப்பத்தூருக்குள் போய்விட்டது. பட்டியலைப் புதுப்பித்தவர்கள் அதனால் பெயரை நீக்கியிருக்கிறார்கள், புதிய மாவட்டத்தில் அவரைத் தேடிச் சேர்த்தவர்களும் இல்லை. போர் விதவைக்கான ஓய்வூதியம் தவறாமல் வந்துகொண்டிருந்ததால், விடுபட்டுப்போனதை யாரும் கவனிக்கவும் இல்லை. நான்கு ஆண்டுகளாக எந்த நிகழ்ச்சிக்கும் அவருக்கு அழைப்பு வரவில்லை. எல்லைக்கோடு மாறும்போது முதலில் தொலைந்துபோவது தனியாக வாழும் முதிய பெண்களின் பெயர்கள்தான் என்பதை வேறு வேலைகளிலும் கண்டிருக்கிறேன்.

நான் பேருந்தில் போய் அவரைச் சந்தித்து, ஓய்வூதிய ஆணையின் நகலை வாங்கி வந்து கொடுத்தேன். செயலாளர், ஓய்வுபெற்ற சுபேதார், தாளைப் பார்த்ததும் "தப்பு எங்க மேலதான்" என்று சொல்லி அன்றே பெயரைச் சேர்த்தார். அந்த நேர்மையைக் குறிப்பிட்டாக வேண்டும்.

பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது என்பதையும் பேசினோம். தாத்தாவுக்குப் பெரிய சத்தம் ஒத்துக்கொள்ளாது என்பதை மட்டும் பேத்தியிடம் சொல்வது, கண்ணிவெடியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பது என்று முடிவானது. அது அவருடைய கதை. சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம் என்று மருமகள் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது.

விழா நாள்

அன்று விடியற்காலையில் போகித் தீ. பழைய பாயும் டயரும் எரிந்த புகை ஊர்மேல் படிந்திருந்தது. தெருவில் பிள்ளைகள் போகி மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் வெள்ளைச் சட்டையில் பதக்கங்களை இடது மார்பில் குத்திக்கொண்டு தயாராக இருந்தார். ஐந்து முனைகள் கொண்ட பஷ்சிமி நட்சத்திரம் முதலில் இருந்தது; 1971-ல் மேற்கு முனையில் பணியாற்றியவர்களுக்கு வழங்கப்பட்டது அது.

மூதாட்டி தன் கணவரின் நட்சத்திரத்தை ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவில், மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நாடா நிறம் வெளுத்து, மடிப்பில் நூல் பிரிந்திருந்தது. அதை அணிந்துகொள்ளலாமா என்று தயங்கினார். பெற்றவர் இடது பக்கம் அணிவார், இறந்தவரின் பதக்கத்தை அவருடைய குடும்பத்தினர் வலது பக்கம் அணிவது வழக்கம் என்று பெரியவர் சொல்ல, பேத்தி புடவை மடிப்பில் ஊக்கு வைத்துக் குத்திவிட்டாள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருந்த பதக்கத்தை அன்றுதான் முதன்முறையாக அணிகிறார் என்று பிறகு சொன்னார்.

விழா ஒரு திருமண மண்டபத்தில், பத்து மணிக்கு. முன்வரிசையில் விருந்தினர்களுக்குச் சோபாக்கள் போடப்பட்டிருந்தன. படைவீரர்களுக்கு மூன்றாம் வரிசையிலிருந்தும், வீர் நாரிகள் என்று குறிக்கப்பட்ட, படைப்பணியில் கணவரை இழந்த பெண்களுக்கு அதற்கும் பின்னாலும் நாற்காலிகள். செயலாளரிடம் நினைவூட்டியதும் முன்வரிசையின் ஓரத்தில் இருவருக்கும் இடம் செய்து கொடுத்தார். பக்கக் கதவுக்கு அருகில் வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இது இரண்டாவது தவறு.

சிறப்பு விருந்தினர் வரும்போது மணி 11.20. எண்பதைக் கடந்தவர்கள் பலர் அதுவரை ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இது எளிதல்ல. கார் வாசலில் நின்றதும் பத்தாயிரம் வாலா சரம் ஒன்று வெடித்தது. சங்கத்தார் கொளுத்தவில்லை. விருந்தினரை வரவேற்க வந்த வெளியாட்கள் தெருவில் கொளுத்தினார்கள். மண்டபத்தின் கதவுகள் அகலத் திறந்திருந்தன. சங்கத்துக்கு உள்ளே சொல்லி வைத்திருந்த நாங்கள், வாசலுக்கு வெளியே யார் என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

பெரியவர் எழவும் இல்லை, கத்தவும் இல்லை. நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்தார். பார்வை காலடித் தரையில் நிலைகுத்தியது. அடுத்த நாற்காலியில் இருந்த பேத்தி, சத்தத்தின் பக்கம் திரும்ப எழுந்தாள். அவர் அவளைப் பார்க்காமலேயே, மிகத் தெளிவாக, "கால எடுக்காத" என்றார். அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக, சரம் முழுவதும் ஓய்ந்து, அதன் பிறகும் அவர் "சரி" என்று சொல்லும்வரை, அவள் அசையவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.

அவரை உடனே வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று நான் நினைத்தேன், மகனும் எழுந்துவிட்டார். மனைவி கை காட்டி எங்களை உட்காரச் சொன்னார். வாசல் வழியாகத்தான் போக வேண்டும், புகையும் கூட்டமும் அங்கேதான் இருக்கின்றன, நடக்கச் சொன்னால் இப்போது அவரால் அடி எடுத்து வைக்க முடியாது என்பது அவருடைய கணிப்பு. அதுவே சரியாக இருந்தது. அவர் கணவரின் இடது காதுப் பக்கம் குனிந்து, ஊர்ப் பெயரைச் சொன்னார், இன்று போகி என்று சொன்னார், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா என்று கேட்டார். பாட்டிலைக் கையில் கொடுத்தார். மறுபக்கம் இருந்த மூதாட்டி ஒன்றும் பேசாமல் அவருடைய முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தார். பத்து நிமிடங்களுக்குப் பிறகு பெரியவர் தண்ணீர் குடித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வீட்டுக்குப் போகலாமா என்று மனைவி கேட்டதற்கு, நண்பரின் மனைவியைக் காட்டி, "அவங்களக் கூப்பிடட்டும்" என்றார்.

மேடையில்

பெரியவரைப் பற்றி நான்கு வரிகள் எழுதிக் கொடுத்திருந்தேன். அது கோப்பிலேயே இருந்துவிட்டது. தொகுப்பாளர் எல்லாருக்கும் பொதுவான ஒரு வாசகத்தை, எதிரிகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று, அவருக்கும் வாசித்தார். பெரியவர் பொன்னாடையை வாங்கிக்கொண்டு, வணங்கிவிட்டு, தரையைப் பார்த்தபடி படியிறங்கினார். வருத்தப்பட்டாரா என்று முகத்தில் தெரியவில்லை.

மூதாட்டியை அழைத்தபோது நடந்தது வேறு. அவருக்கான தாள் கடைசி நேரத்தில் தனியாகச் சேர்க்கப்பட்டதால் பொது வாசகம் அதில் இல்லை. படிவத்தில் இருந்தது மட்டுமே இருந்தது. தொகுப்பாளர் இறந்தவரின் படை எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்து, பிறகு பதவி, பெயர், பிரிவு, இறந்த இடம் என்று வாசித்தார். மேடையேறிக்கொண்டிருந்த மூதாட்டி, எண் முடியும்வரை படியிலேயே நின்றார். "அந்த நம்பரத் தூக்கத்துலகூடச் சொல்லுவாரு" என்று பிறகு என்னிடம் சொன்னார். அவருடைய கணவர் விடுப்பில் வீட்டில் இருந்த நாட்களை மொத்தமாகக் கூட்டினாலும் மூன்று மாதம் தேறாது.

பின்விளைவுகள்

அன்றிரவு பெரியவர் தூங்கவில்லை. அடுத்த இரண்டு இரவுகளும் அரைகுறைத் தூக்கம்தான். ஆனால் முன்போல் பேச்சை நிறுத்திக்கொள்ளவில்லை.

மறுநாள் பொங்கல். வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். பேத்தி முதல் நாள் கேட்காததை அப்போது கேட்டாள்: "ஏன் தாத்தா கால எடுக்காதன்னு சொன்னீங்க?" அவர் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, கோலம் போடாத மண்ணில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். குச்சியை நேராகக் குத்தினால் கண்ணியின் தலைமேல் அழுத்தம் விழும். சாய்த்து, மெதுவாகச் செலுத்தினால் அதன் பக்கவாட்டில் தட்டும். தட்டினால் நிறுத்த வேண்டும். விரல் அகலம் விட்டு அடுத்த இடம். சுத்தம் செய்த வழியின் இரு ஓரத்திலும் வெள்ளை நாடா. டாங்கிக் கண்ணி மனிதன் மிதித்தால் பொதுவாக வெடிக்காது, அதன் நடுவே ஆளைக் கொல்லும் சிறிய கண்ணிகளைப் புதைத்திருப்பார்கள், அதனால் யாராவது ஒருவர் தட்டிவிட்டால் மற்ற எல்லாரும் நின்ற காலிலேயே நிற்க வேண்டும். இதையெல்லாம் அவர் செய்துகாட்டியபடியே சொன்னார். மகன் பானையை மறந்து நின்றார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நண்பர் இறந்த இரவுக்கு வந்தபோது பெரியவர் குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். யாரும் மேலே கேட்கவில்லை.

படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் மருத்துவமனைக்கு பிப்ரவரியில் ஒருமுறை வந்தார். காதுக் கருவிக்குப் பரிந்துரை கிடைத்தது, அதை ஏற்றுக்கொண்டார். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னதை ஏற்கவில்லை. அந்தக் கதவை மூடாமல் வைத்திருக்கும்படி மட்டும் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

எதை மாற்றுவோம்

அவரை அழைத்துப் போனது சரியா என்று மகன் என்னிடம் பலமுறை கேட்டார். நிபந்தனைகளைக் கேட்டது சரி. அவற்றைக் காப்பாற்ற எங்களால் முடியும் என்று முழுதாக நம்பியதுதான் பிழை. வெடி இருக்காது என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கக் கூடாது. தடுக்க முயல்கிறோம், தவறினால் இந்தக் கதவு வழியாகப் போய்விடலாம் என்று சொல்லியிருந்தால், அவர் அதற்கேற்பத் தன்னைத் தயார் செய்திருப்பார். மேலும், சங்கத்திடம் மட்டும் பேசாமல் சிறப்பு விருந்தினரின் ஆட்களிடமும் மண்டபக் காவலரிடமும் பேசியிருக்க வேண்டும். ஜனவரி 14 பண்டிகைக் காலத்தில் வருவதால் தெருவின் சத்தமும் கணக்கில் இருந்திருக்க வேண்டும். வெடித்தால் யார் அவர் பக்கத்தில் இருப்பது என்பதை மனைவியைக் கேட்டு முன்பே முடிவு செய்திருந்தால், நானும் மகனும் அப்படிப் பதறி எழுந்திருக்க மாட்டோம். அவரை ஐம்பது ஆண்டுகளாக அருகிலிருந்து அறிந்தவர் அவர் ஒருவரே.

வாசிக்கும் தாளை விழாவுக்குச் சில நிமிடங்களுக்கு முன் தொகுப்பாளரின் கையிலேயே கொடுத்து, அவர் படித்துப் பார்ப்பதை உறுதி செய்ய வேண்டும். சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்: எல்லாருக்கும் ஒரே வீரவாசகம் எழுதுவதைவிட, படை எண்ணையும் பிரிவையும் செய்த வேலையையும் பிழையில்லாமல் வாசிப்பது மேலானது. அன்று மண்டபத்தில் சமையற்காரராகவும் ஓட்டுநராகவும் தந்தியாளராகவும் பணியாற்றியவர்கள் இருந்தார்கள். அவர்களும் சுட்டு வீழ்த்தியவர்களாகவே அறிவிக்கப்பட்டார்கள்.

2025-ல் ஜனவரி 14 பொங்கலாக அமைந்ததால், சங்கம் விழாவை 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியது. அழைப்பிதழின் அடியில், மண்டபத்திலும் தெருவிலும் பட்டாசு வெடிக்க வேண்டாம் என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. பெரியவர் போகவில்லை, ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. பேருந்து நிறுத்தம்வரை நடந்து வந்து, மூதாட்டியையும் பேத்தியையும் ஏற்றிவிட்டார். வெளுத்த நாடாவுக்குப் பதில் புது நாடா தைத்திருந்த நட்சத்திரத்தை, பேருந்துக்குள் வைத்தே, பேத்தி மூதாட்டியின் வலது பக்கம் குத்திவிட்டாள்.